இஸ்திரிப் பெட்டிக்குள் எத்தனை ஓம்?

மின்தடையை ஆபத்து இல்லாமல் அளக்கும் முறை

இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டதா? அல்லது வெளியே வரும் வயரில் கோளாறா?

பெட்டியைப் பிரிக்காமலே ஓரளவு கண்டுபிடித்து விடலாம். அதற்கு உதவும் கருவி "மல்டி மீட்டர்". மின்தடையை அளந்து சொல்லும்.

மின்தடை என்றால் என்ன?

குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் குறைவாக வரும். மின்சாரமும் அப்படித்தான். பருத்த செம்புக் கம்பியில் தாராளமாக ஓடும். மெல்லிய நிக்ரோம் கம்பியில் முட்டி மோதித்தான் ஓடும். அதனால் கம்பி சூடாகிறது. இந்த முட்டுக்கட்டைதான் மின்தடை. அதன் அளவு "ஓம்".

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஓம் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் 1789-ம் ஆண்டு பிறந்தார். தந்தை பூட்டு செய்யும் தொழிலாளி. மகன் பள்ளி ஆசிரியர் ஆனார்.

மின்சாரத்துக்கும் தடைக்கும் உள்ள கணக்கை 1827-ல் நூலாக வெளியிட்டார். சொந்த நாட்டில் அதற்கு உடனே மதிப்பு கிடைக்கவில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கியது. அவர் 1854-ல் காலமானார். 1881-ல் பாரிசில் கூடிய மாநாட்டில், மின்தடையின் அளவுக்கு அவர் பெயரே நிலைத்தது!

சுவிட்சை அணைத்தால் போதாது!

மின்தடையை அளக்கும்போது அந்தப் பொருளில் மின்சாரம் இருக்கவே கூடாது.

மீட்டருக்குள் சிறு பேட்டரி இருக்கிறது. அதன் மின்சாரத்தை அனுப்பித்தான் மீட்டர் தடையை அளக்கிறது. அங்கே வீட்டின் 230 வோல்ட் பாய்ந்தால் மீட்டர் கெடும். சில சமயம் வெடித்துக் கையைச் சுடும்.

சுவிட்சைத் தவறான கம்பியில் பொருத்தியிருந்தால், அணைத்த பிறகும் மின்சாரம் இருக்கும். எனவே பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்விசிறியில் உள்ள கண்டென்சர், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும். அதைத் தொடாமல் எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

அளப்பது எப்படி?

முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வேண்டும். 0.3 ஓம் காட்டினால் அது மீட்டர் வயரின் தடை. பிறகு வரும் அளவில் அதைக் கழித்துவிட வேண்டும்.

அடுத்து, இஸ்திரிப் பெட்டியின் திருகை அதிகச் சூட்டில் வைக்க வேண்டும். பிளக்கில் பெரிய எர்த் பின்னை விட்டுவிட்டு, மற்ற இரு பின்களிலும் மீட்டர் முனைகளை வைக்க வேண்டும். முனையின் உலோகத்தில் விரல் படக்கூடாது. பட்டால் உடம்பின் தடையும் சேர்ந்து கணக்கு தவறலாம்.

வர வேண்டிய அளவு என்ன? 230-ஐ 230-ஆல் பெருக்கி, பெட்டியின் வாட்டால் வகுக்க வேண்டும். 1000 வாட் பெட்டிக்குச் சுமார் 53 ஓம். சற்று முன்பின் இருந்தால் கவலை இல்லை.

வயரை அசைக்கும்போது எண் வந்து வந்து மறைந்தால் கோளாறு வயரில். எண்ணே வராவிட்டால் வயரோ, சூட்டுக் கம்பியோ, உள்ளே உள்ள பியூசோ அறுந்திருக்கலாம். பெட்டியை மெக்கானிக் திறந்து பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு பல்புக்குப் பொருந்தாது! 60 வாட் இழை பல்பு எரியும்போது தடை சுமார் 880 ஓம். ஆறியிருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சூடு ஏற ஏற இழையின் தடை கூடுவதே காரணம்.

உயிர் காக்கும் சோதனை

ஒரு முனையை எர்த் பின்னிலும், மறு முனையைப் பெட்டியின் அடித்தட்டிலும் வைக்க வேண்டும். 1 ஓமுக்குள் இருந்தால் நல்லது. எண்ணே வராவிட்டால் எர்த் கம்பி அறுந்திருக்கிறது! மின்சாரம் தட்டில் கசிந்தால், துணி தேய்ப்பவருக்கு ஷாக் அடிக்கும்.

பிறகு மற்ற இரு பின்களையும் ஒவ்வொன்றாக அடித்தட்டோடு சோதிக்க வேண்டும். இங்கே எண் வரவே கூடாது. வந்தால் கசிவு இருக்கிறது. அந்தப் பெட்டியைத் தொடவே கூடாது.

எண் வராவிட்டாலும் முழு நம்பிக்கை வைக்க முடியாது. மீட்டர் பேட்டரியின் வேகம் சில வோல்ட்தான். 500 வோல்ட் செலுத்திச் சோதிக்கும் "மெகர்" கருவி எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். பழைய பெட்டியை அதில் ஒருமுறை சோதித்துவிட்டால், வீட்டில் எல்லோரும் பயமின்றித் துணி தேய்க்கலாம்.