சட்டை கழலாத குட்டிப்பாம்பு

பாம்பு சட்டை உரிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலியோரம் கிடக்கிற சட்டையைப் பார்த்தே ஓட்டம் பிடித்த வீரர்களும் நம்மில் உண்டு! ஆனால் உரிக்க முடியாமல் தவிக்கிற பாம்பைப் பற்றி யார் யோசிக்கிறோம்? முட்டையிலிருந்து வந்து சில நாட்களே ஆன மலைப்பாம்புக் குட்டிக்கு அது பெரிய ஆபத்து.

தாய் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, உடம்பை நடுக்கியே சூடு உண்டாக்கி அடைகாக்கும். சுமார் இரண்டு மாதத்தில் குட்டிகள் வரும். அத்தோடு அம்மா வேலை முடிந்தது. ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டை. பெரும்பாலும் முதல் இரையே அதற்கப்புறம்தான்.

அடியில் புதுத்தோல் தயாரானதும், பழையதற்கும் புதியதற்கும் நடுவில் ஒரு திரவம் ஊறுகிறது. நம்ம ஒர்க்‌ஷாப் பாஷையில் லூப்ரிகேஷன்! அப்போது கண் பால் போல மங்கும். சில நாளில் தெளியும். அதன்பிறகு உதட்டைக் கல்லில் தேய்த்து, சாக்ஸ் கழற்றுகிற மாதிரி உள்பக்கம் வெளியே வர, ஒரே துண்டாகக் கழற்றிப் போட்டுவிடும்.

உடம்பில் நீர் குறைந்தாலோ காற்று வறண்டாலோ லூப்ரிகேஷன் போச்சு. தோல் துண்டுதுண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். சின்ன உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். திருத்தணி வெயிலைப் பற்றி, மத்தியானத்தில் 365 படி ஏறினவர்களைக் கேளுங்கள்! காட்டுக்குட்டி பொந்து, பாறையிடுக்கு, குட்டை என்று ஈரம் தேடிப் போய்விடும். கண்ணாடிப் பெட்டியில் அடைத்த குட்டி எங்கே போகும்?

வால் நுனியில் வளையமாக நின்றுவிட்ட தோல், காயக் காய ஹோஸ் கிளிப் மாதிரி இறுகும். ரத்தம் ஓடாமல் நுனி கறுத்து உதிர்ந்துவிடும். அதைவிட மோசம் கண். பாம்புக்கு இமை கிடையாது; கண்மேல் கண்ணாடி போல ஒரு செதில்தான். அதுவும் சட்டையோடு வந்தாகணும். கழன்ற சட்டையை வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டும் வந்திருக்கா என்று தெரியும். வரவில்லை என்றதும் சிலர் இடுக்கியை எடுக்கிறார்கள். கூடவே கூடாது! அடியிலுள்ள புதுச்செதிலும் பிய்ந்து கண்ணே போகலாம். ஈரம் கூட்டினால் அடுத்த சட்டையோடு பெரும்பாலும் வந்துவிடும். இல்லையென்றால் கால்நடை மருத்துவர் வேலை, நம்ம வேலை இல்லை.

உடம்பில் ஒட்டியதற்கு வைத்தியம் எளிது: வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில் கொஞ்ச நேரம், பிறகு ஈரத்துணிக்குள் ஊர விடுவது. தானே உரசிக் கழற்றிக்கொள்ளும். திரும்பத் திரும்ப ஒட்டினால் செதிலுக்கடியில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்கணும்.

“அப்போ ஒண்ணு வளர்க்கலாமா?” என்று கேட்கிறீர்களா? நம்ம ஊர் மலைப்பாம்பு 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை, ஹாஸ்டல் வார்டன்கூட காப்பாற்ற முடியாது! வெளிநாடுகளில் செல்லமாக வளர்க்கும் பந்து மலைப்பாம்பு வேறு இனம். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 45 பிடிபட்டன. பெட்டிக்குள் ஈரமாவது, தண்ணீராவது! 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இப்படிப்பட்ட வெளிநாட்டு இனங்களையும் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது.

கிணற்றிலோ கல்குவாரியிலோ குட்டி ஒன்று தோல் தொங்கத் தொங்கக் கிடந்தால், இரக்கப்பட்டு உரித்துவிடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஆட்களை விலக்கி நிறுத்தினால் போதும்.