காஞ்சியில் கல்லறிவோம்

காஞ்சிபுரம் செல்லும் அன்பர்கள் பலர், தரிசனம் முடிந்ததும் பட்டுக் கடைகளை நோக்கி விரைகின்றனர். நானும் அவ்வாறு விரைந்தவனே. கோயில் என்றால் கருங்கல் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது கயிலாசநாதர் திருக்கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய இக்கோயிலின் அடித்தளம் கருங்கல்; அதற்குமேல் மணற்கல். கருங்கல்லை உற்று நோக்கினால் வெண்மையும் கருமையுமான மணிகள் இறுகிக் கலந்திருக்கும். வெயிலில் சில மினுங்கும். மணற்கல்லோ மங்கிய பழுப்பு நிறம். மணல் துகள்கள் கண்ணுக்குத் தெரியும். சில இடங்களில் ஏடு ஏடாக உரிந்திருக்கும். ஈரத்தோடு உள்ளே ஏறும் உப்பு, காயும்போது படிகமாகி அதன் துகள்களைப் பிரித்துவிடுகிறது. சிங்கத் தூண்கள் பலவற்றின் முகம் மழுங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றின்மேல் பிற்காலத்தார் பூசிய சுதையும் உண்டு. மயிரிழை வெடிப்புகள் ஓடும் இடம் சுதை என்று அறியலாம்.

அடுத்து ஏகாம்பரநாதர் கோயில். கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய இராஜகோபுரத்தின் கீழ்ப்பகுதி கருங்கல். மேல் நிலைகள் செங்கல்லும் சுதையும். அத்தனை உயரத்துக்குக் கல்லையே அடுக்கினால் பாரம் மிகும். செங்கல்லும் மனிதன் சுட்டெடுத்த கல்தானே! (மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இன்றிக் கோயில் குடைந்ததைக் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தான். அன்று அது அத்தனை புதுமை.)

எங்கள் ஊர்ச் சிறு கோயிலின் திருப்பணியில் கணக்குப் பார்த்தவன் நான். சுண்ணாம்புக் காரையைவிடச் சிமெண்ட் மலிவு என்று வாதாடி வென்றேன். சிமெண்ட் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. இரண்டு மழைக்காலத்தில் பழஞ்செங்கல் ஊறி, பூச்சோடு பெயர்ந்து விழுந்தது. ஒரு துவாரபாலகரின் கையும் உடன் போயிற்று. வங்கியில் முப்பது ஆண்டுகள் தவறாத கணக்கு, அங்கே தவறியது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கயிலாசநாதரைத் தரிசிக்கக் குழந்தைகளை அழைத்துச் செல்வோர், கல்லைக் கண்ணால் மட்டும் அறியச் சொல்லுங்கள். நகத்தால் கீறவோ, கையில் மிஞ்சிய விபூதி குங்குமத்தைத் தூணில் தடவவோ விடாதீர்கள். கிழக்கு நோக்கிய கோயில். காலை வெயிலில் கல்லின் நிறபேதம் நன்கு தெரியும். திருச்சுற்றிலுள்ள சிற்றாலயங்களையும் குனிந்து பாருங்கள். சிலவற்றில் பல்லவர் கால வண்ண ஓவியம் திட்டுத் திட்டாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.