சிறு கைத்துப்பாக்கி: உருவமும் நம்பகமும்

கருவி சிறிதாகும்போது அதன் குறைபாடுகளும் சிறிதாகிவிடுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில் ஆடைக்குள் மறைத்து எடுத்துச்செல்லப்படும் சிறு கைத்துப்பாக்கிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

தன்னியக்கக் கைத்துப்பாக்கியில் பின்னுதைப்பே மேற்பகுதியைப் பின்தள்ளி வெற்றுக்கோதை வெளியேற்றுகின்றது. சுருள்வில் அதனை முன்தள்ளி அடுத்த ரவையை ஏற்றுகின்றது. உருவம் குறுகும்போது மேற்பகுதியின் திணிவும் அது நகரும் தூரமும் குறைவதால் வலிய சுருள்வில் தேவைப்படுகின்றது. மூட்டுவாதமுற்ற முதியோருக்கு அதனை இழுப்பதே கடினம். பிடி தளர்ந்திருப்பின் கருவி முழுவதும் பின்னோக்கி நகர, மேற்பகுதி தன் இயக்கத்தை நிறைவுசெய்யாது சிக்கிக்கொள்ளும்.

உந்தக் காப்பு விதியின்படி, அதே ரவையைச் செலுத்தும் கருவியின் திணிவு குறையுமளவுக்கு அது பின்னுதைக்கும் வேகம் கூடும். 2008 இல் வெளிவந்த ரூகர் எல்சிபி ஏறத்தாழ 270 கிராம் நிறையுடையது. அதன் குறும்பிடியில் பலருக்குச் சின்னவிரல் தங்க இடமில்லை. ஆதலாற் பயிற்சி வலிதருவதாகின்றது. பயிற்சி குறையப் பிடி உறுதிகுன்றுகின்றது. பிடி தளரக் கருவி சிக்குகின்றது. பிடியின் வசதியும் நம்பகமும் இரு வேறு பிரச்சினைகளல்ல என்பதை நாம் இங்கு காண்கின்றோம்.

தற்காப்புக்காகப் பொதுவிடத்தில் கைத்துப்பாக்கி ஏந்தும் உரிமையை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2022 இல் உறுதிசெய்தது. ஆயினும், 1865 ஏப்ரல் 14 இல் ஆபிரகாம் லிங்கனைச் சுட்டதும் உள்ளங்கையில் அடங்கும் டெரிஞ்சர் துப்பாக்கியே. மறைக்கத்தக்க தன்மை காப்போனுக்கு மட்டும் உரியதன்று. சட்டம் உரிமையை வழங்கலாம். பௌதிக விதிகளிலிருந்து விலக்கு வழங்க அதனால் இயலாது என்பதே நமது முடிபு.