ஒரே பாத்திரத் தண்ணீரில் எல்லாக் கைகளும்

வாய் அகன்ற ஒரு பாத்திரத்தில் தண்ணீர். பக்கத்தில் வேப்பிலை, கூழாங்கல், குச்சி, ஆணி, புளியங்கொட்டை, பாட்டில் மூடி. எது மிதக்கும், எது மூழ்கும்? ஒன்றாம் வகுப்பில் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய அறிவியல் சோதனை இது. நம் கிராமங்களில் இதற்கு இன்னொரு பொருளும் உண்டு. ஊர்த்தெருப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே தண்ணீரில் கை விடுகிறார்கள்.

இது சாதாரண விஷயம் இல்லை. மராட்டியத்தின் சதாராவில் சிறுவன் அம்பேத்கர் படித்தபோது, வீட்டிலிருந்து எடுத்துப்போன கோணிச்சாக்கில் தனியாக உட்கார்ந்தார். பள்ளிக் குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால்தான் குடிக்க முடியும். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடுதான் இருக்க வேண்டும். இதை அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். பள்ளியில் தண்ணீரை யார் தொடுவது என்பது நமக்கு வரலாறு.

செய்து பார்த்துப் படிப்பது தலித் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. சென்னை அடையாறு பகுதியில் கர்னல் ஆல்காட் 1894-இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியிலும், அதைத் தொடர்ந்த பள்ளிகளிலும், பாட்டு, விளையாட்டு, கைவேலை வழியாகக் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறை கையாளப்பட்டது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் கதை, பாடல், செயல்பாடு வழியாகவே பாடத்தைக் கொண்டுபோகிறது. திட்டம் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். அது வகுப்பறையில் எப்படி நடக்கிறது என்பதில்தான் நம் பிள்ளைகளின் எதிர்காலம் இருக்கிறது.

முதலில் பெயர்

குழந்தை படிக்கும் முதல் சொல் அதன் பெயராக இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர் அட்டை. காலையில் தன் அட்டையைத் தேடி எடுத்துச் சுவரில் மாட்டினால் அதுவே வருகைப் பதிவு. நல்ல பெயர் வைக்கவே நம் முன்னோர் பலர் அனுமதிக்கப்படவில்லை. ‘அந்தத் தெருப் பையன்’ என்று கூப்பிடாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்தப் பெயரைப் படிக்கவும் வைக்கும்போது பள்ளி தனக்கும் உரியது என்று பிள்ளைக்குப் புரியும்.

அடுத்து, பிள்ளை பேசும் சொல். தமிழ் எழுத்துகள் 247. அத்தனையையும் வரிசையாக மனப்பாடம் செய்த பிறகுதான் படிக்க வேண்டும் என்பதில்லை. ப, ட, ம என்ற மூன்றெழுத்தும் புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம் என்று படித்துவிடலாம். ‘எங்கம்மா நாத்து நட்டாங்க’ என்று பிள்ளை சொன்னால், அதை அப்படியே கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொல்லலாம். தன் வாயில் வந்த சொல் என்பதால் தயங்காமல் படிக்கும். பிறகு ‘நாற்று’ என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். எடுத்த எடுப்பிலேயே ‘இது சேரிப் பேச்சு’ என்று சிரித்தால், அந்தப் பிள்ளை அதன்பிறகு வாயே திறக்காது. வாய் திறக்காத பிள்ளைக்குப் படிப்பும் வராது.

வயலில் இருக்கும் பாடம்

ஒன்றாம் வகுப்பில் அறிவியலுக்கு ‘சூழ்நிலையியல்’ என்று பெயர். அந்தச் சூழ்நிலையை மற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள். நண்டு வளை எங்கே இருக்கும், மழை விட்டதும் எந்தக் குட்டையில் தலைப்பிரட்டை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தலைப்பிரட்டைக்கு முதலில் பின்கால், பிறகு முன்கால் வந்து, வால் சுருங்கித் தவளையாவதை நாள்தோறும் பார்த்துப் படம் வரைந்தால் அது ஒரு மாதப் பாடம்.

இரண்டு கொட்டாங்குச்சிகளில் மண் போட்டுப் பச்சைப்பயறு ஊன்றுங்கள். ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், இன்னொன்றுக்கு வேண்டாம். எது முளைக்கும் என்று பிள்ளைகளை முதலில் சொல்லச் சொல்லிக் கோடு போட்டு எண்ணுங்கள். சில நாளில் பயறே பதில் சொல்லிவிடும். முதலில் கணிப்பது, பிறகு கவனித்துக் கணிப்பைச் சரிபார்ப்பது - அறிவியல் என்பதே இதுதான்.

பறையை ஏன் அடிப்பதற்கு முன் நெருப்பில் காட்டுகிறார்கள்? சூட்டில் ஈரம் போய்த் தோல் இறுகும். இறுகிய தோல் கணீரென்று ஒலிக்கும். ஒலியைப் பற்றி இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பி ‘உங்கப்பா அடிப்பாரே’ என்று கேட்பது பாடமல்ல, அவமானம். பறையை வகுப்பின் நடுவில் வைத்து எல்லாப் பிள்ளைகளையும் தட்டிப் பார்க்கச் சொன்னால் அது அறிவியல்.

யாரோடு யார்?

குழுவாக உட்காரச் சொன்னால் பிள்ளைகள் பெரும்பாலும் தெருவாரியாகத்தான் உட்காருவார்கள். ஆசிரியர்தான் வாரம் ஒருமுறை குழுக்களைக் கலைத்து மாற்ற வேண்டும். தண்ணீர் எடுத்துவருவதும் இடத்தைப் பெருக்குவதும் பெயர்ப் பட்டியல்படி எல்லாருக்கும் முறைவைத்து வர வேண்டும். கழிவறை கழுவுவது எந்தப் பிள்ளையின் வேலையும் அல்ல.

இது ஆசிரியரின் நல்ல மனதுக்கு மட்டும் விடப்பட்டதல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டப்படாமல் பார்த்துக்கொள்வதை அரசின் கடமையாக்குகிறது. அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாச்சார இடம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போங்கள். ஒருநாள் கூலி போனாலும் போய் இரண்டு கேள்வி கேளுங்கள்: ‘என் பிள்ளை எந்தக் குழுவில், யார் பக்கத்தில் உட்காருகிறாள்? இந்த வாரம் எந்தச் சோதனையைத் தன் கையால் செய்தாள்?’ ஊரில் கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகள் இருந்தால், மாலையில் அரை மணி நேரம் அந்தப் பிள்ளைகளோடு உட்காருங்கள். ஒரு கதைப் புத்தகமும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தால் போதும்.