உடல் பருமனுக்கும் ஒரு படிப்பா?



"பசித்தவர்களுக்கு உதவவே காணிக்கை அனுப்புகிறோம். உடல் பருமனுக்கென்று டாக்டர்கள் தனியாகப் படிக்க வேண்டுமா?" என்று தங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆரணியில் பட்டு நெய்கிறவர் நாள் முழுவதும் தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறார். காலும் கையும் வேலை செய்கின்றன, நடைதான் இல்லை. அவரைப் பார்த்துக் குண்டானவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயிறு மட்டும் சற்று முன்தள்ளியிருக்கும். ஆனால் நம் மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. ஆகவே 2009ஆம் ஆண்டு இந்திய மருத்துவ வல்லுநர்கள் நமக்கென்று தனி அளவை வகுத்தார்கள். 160 செ.மீ. உயரமுள்ளவர் 64 கிலோவை எட்டினாலே அது உடல் பருமன். மேல்நாட்டு அளவின்படியோ 77 கிலோ வரை போகலாம். இந்த வித்தியாசத்தை அறியாத மருத்துவர், "உமக்கு ஒன்றுமில்லை" என்று நெசவாளரைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

இதற்காகவே பயிற்சியும் சான்றிதழும். அமெரிக்காவில் இதற்கெனத் தனித் தேர்வு வாரியம் 2011இல் ஏற்பட்டது. வேறொரு துறையில் ஏற்கெனவே சிறப்புத் தேர்ச்சி பெற்ற மருத்துவர்களே அதன் தேர்வை எழுதலாம். உலக உடல் பருமன் கூட்டமைப்பு, எந்த நாட்டு மருத்துவரும் இணையவழியில் படித்துச் சான்றிதழ் பெற வழி செய்திருக்கிறது. நம் நாட்டில் இது தனிப் பட்டமேற்படிப்பு அல்ல. எம்.டி. முடித்தபின் 3 ஆண்டுகள் படிக்கும் டி.எம். எண்டோகிரைனாலஜி இதற்கு மிக நெருங்கிய படிப்பு. நமக்கு அடுத்துள்ள வேலூர் சி.எம்.சி.யில் அது உண்டு.

எனவே "எடை குறைப்பு நிபுணர்" என்ற பலகையைக் கண்டதும் நம்பிவிட வேண்டாம். அவர் பதிவு பெற்ற மருத்துவரா, சான்றிதழை வழங்கியது யார் என்று கேளுங்கள். எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ளன. யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது என்று தெரிந்தவர் கையில்தான் அவை நன்மை செய்யும்.

சான்றிதழ் சுவரில் தொங்குவதற்கல்ல. தறியை விட்டு எழ நேரமில்லாதவரிடம், "தினம் ஒரு மணி நேரம் நடந்து வாரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் போதாது. அவர் என்ன சாப்பிடுகிறார், எந்நேரம் எழ முடியும் என்று பொறுமையாகக் கேட்டு வழி சொல்ல வேண்டும். அறிவும் அன்பும் சேர்ந்த இப்படிப்பட்ட ஊழியர்களைக் கர்த்தர் எழுப்பும்படி எங்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.