கொடைக்கானல் ஏற்றத்தில் 999 சி.சி.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் கார், 2020 டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோதே இரண்டு பெட்ரோல் எஞ்சின்களோடு வந்தது. இரண்டுக்கும் மூன்று சிலிண்டர்தான், 999 சி.சி.தான். ஆனால் சாதாரண எஞ்சின் 72 குதிரைத்திறனும் 96 நியூட்டன் மீட்டர் இழுவையும் தருகிறது. டர்போ எஞ்சினோ 100 குதிரைத்திறனும் 160 நியூட்டன் மீட்டரும் தருகிறது. உள்ளமைப்பில் வேறு சில மாற்றங்கள் இருந்தாலும், இந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி உள்ளே போகும் காற்றின் அளவால் வருவது.

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின், பிஸ்டன் கீழிறங்கும்போது தானாக உள்ளே வரும் காற்றோடு நின்றுவிடுகிறது. டர்போ பொருத்தினால், வீணாக வெளியே போகும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். அழுத்திய காற்று சூடாகிவிடுவதால், அதைக் குளிர்விக்க இடையில் இன்டர்கூலர் உண்டு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. திண்டுக்கல் லாரி ஓட்டுநர்களுக்கும், 1,248 சி.சி. டீசல் ஸ்விஃப்ட் டிசையரை டாக்சியாக ஓட்டியவர்களுக்கும் டர்போ பழைய சரக்கு. புதிது என்றால் அது பெட்ரோல் காருக்கு வந்ததுதான்.

அது வந்த காரணத்தை விளம்பரங்கள் சொல்வதில்லை. நான்கு மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்கும் உட்பட்ட கார்களுக்கு 2006 முதலே வரிச் சலுகை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அத்தகைய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு, அந்த வரம்பைத் தாண்டியவற்றுக்கு 40 விழுக்காடு. எஞ்சினைப் பெரிதாக்கினால் வரி ஏறுகிறது, டர்போ சேர்த்தால் ஏறுவதில்லை. போதாததற்கு, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் சிறு டீசல் கார்களின் விலை கட்டுப்படியாகாமல் போய், மாருதி டீசலையே கைவிட்டது. டீசலின் இழுவைக்குப் பழகியவர்களுக்கு மாற்றாக நின்றது சின்ன டர்போ பெட்ரோல்தான்.

திண்டுக்கல்காரருக்கு இதன் பயன் கண்ணுக்குத் தெரியும் இடம் மலைப்பாதை. வத்தலகுண்டைத் தாண்டிக் காமக்காப்பட்டியில் ஏறத் தொடங்கும் சாலை சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானலை அடைகிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய காரில், கொண்டை ஊசி வளைவைத் திரும்பியதும் முதல் கியருக்கே போகவேண்டி வருவது இதனால்தான். டர்போ, மெலிந்த காற்றையும் அழுத்தித் தருவதால் இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. உயரம் குறைவானாலும், 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சிறுமலைச் சாலையிலும் வேறுபாட்டை உணரலாம்.

சமவெளியில் முந்தும்போதும் இந்த இழுவை கைகொடுக்கும். மாருதி ஃபிரான்க்ஸ் காரின் 1,197 சி.சி. எஞ்சின் தன் உச்ச இழுவையான 113 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 4,400 சுற்றில் தருகிறது. அதே காரின் 998 சி.சி. டர்போ 2,000 சுற்றிலேயே 148-ஐ எட்டிவிடுகிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் காய்கறி லாரியை முந்தச் சாதாரண எஞ்சினில் இரண்டு கியர் குறைக்க வேண்டிய இடத்தில், டர்போவில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் போதும்.

திண்டுக்கல்லுக்குள், நாகல் நகர் நெரிசலில் கதை வேறு. 1,500 சுற்றுக்குக் கீழே புகை போதாமல் டர்போ சக்கரம் சோம்பிக் கிடக்கும். மிதித்த பிறகு ஒரு கணம் தாமதித்து வண்டி திடீரெனப் பாயும். இதுதான் டர்போ தாமதம். இரண்டாம் கியரில் ஊர்ந்துபோகும் நகரவாசிக்குச் சாதாரண நான்கு சிலிண்டர் எஞ்சினே இதம். மூன்று சிலிண்டரின் அதிர்வும் அதில் இல்லை.

மைலேஜ் விஷயத்தில் ஏமாற்றம் அதிகம். சோதனைக் கூடத்தில் ஃபிரான்க்ஸ் 1,197 சி.சி. காட்டிய அளவு லிட்டருக்கு 21.79 கி.மீ.; டர்போ, ஒரு சிறு மின் மோட்டாரின் துணை இருந்தும், 21.5 கி.மீ. மென்மையாக ஓட்டும்வரை சின்ன எஞ்சின் சிக்கனமானதுதான். காலை அழுத்தினால், உள்ளே வெப்பம் மிஞ்சாமல் இருக்க எஞ்சின் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொள்ளும். சித்திரை வெயிலில் இன்டர்கூலருக்கே சூடான காற்று கிடைப்பதால் வலுவும் கொஞ்சம் குறையும்.

ஏற்றத்தில் டர்போ எரிபொருளை மிச்சப்படுத்தும் என்ற நம்பிக்கையையும் ஒரு சின்னக் கணக்கு உடைக்கும். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள காரை 1,800 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 23 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 32 மெகாஜூல். அதில் கால்பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும். ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே இரண்டிலிருந்து மூன்று லிட்டர் செலவாகும். எந்த எஞ்சினாலும் இதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. இறக்கத்திலோ சி.சி. குறைந்த எஞ்சின் காரைப் பிடித்து நிறுத்தும் விசையும் குறைவு. அங்கே டர்போ உதவாது. பிரேக் சூடேறாமல் இருக்க, பெரிய எஞ்சின் காரைவிட ஒரு கியர் கீழே வைத்து இறங்குவதே நல்லது.

ஆயுள் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் ஆயிலில் இருக்கிறது. சுமார் 900 டிகிரிப் புகை படும் சக்கரத்தின் தண்டு ஒரு மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்து சுழல்கிறது. ஆயில் கெட்டியானாலோ அடைத்தாலோ முதலில் போவது டர்போ. மாற்றும் செலவு சாதாரண ரிப்பேர் கணக்கில் அடங்காது. மலையேறி நின்ற உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிடும் பழைய வழக்கம் இன்றும் வீண் அல்ல. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் உள்ளிழு வால்வுகளில் கரி படிவதும் உண்டு.

இந்த எஞ்சின்களின் பலவீனத்தையும் தமிழ்நாட்டில் பிறந்த ஒரு கார் காட்டியது. மறைமலை நகரில் தயாராகி அமெரிக்காவுக்கும் போன ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட்டில் இருந்த ஒரு லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சின், 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உலகின் சிறந்த எஞ்சின் விருதைப் பெற்றது. ஆயில் பம்ப்பை இயக்கும் பெல்ட் அமைப்பில் கோளாறு என்று 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அந்த எஞ்சின் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை ஃபோர்டு திரும்ப அழைத்தது. ஐரோப்பாவிலும், சாலையிலேயே புகையை அளக்கும் சோதனை 2017-இல் வரவிருந்த நிலையில், ஃபோக்ஸ்வாகன் தன் 1.4 லிட்டர் டர்போவை 1.5 லிட்டராக வளர்த்தது.

மாதம் இருமுறை மலையேறுபவருக்கும், நான்குவழிச் சாலையில் மதுரை, திருச்சி என்று ஓடுபவருக்கும் டர்போவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது. ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு அது தேவையில்லை. பழைய டர்போ கார் வாங்கப் போகிறவர் ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பதற்கு முன், ஆயில் மாற்றிய தேதிகள் உள்ள சர்வீஸ் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.