மழைக்காலமும் முகப்புக் கண்ணாடியும்

சென்ற ஆண்டு வடகிழக்குப் பருவமழை தொடங்கிய வாரத்தில், திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு இரவில் காரோட்டிச் செல்ல நேர்ந்தது. பெருமழை இல்லை, தூறல்தான். ஆனால், எதிரே வந்த லாரியின் விளக்கொளி முகப்புக் கண்ணாடி முழுவதும் பட்டை பட்டையாகச் சிதறியது. சாலையோரம் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சென்ற ஒருவர், மிக அருகில் வந்த பிறகே என் கண்ணுக்குத் தெரிந்தார். 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடந்துவிடும். பார்வை இரண்டு நொடி மறைந்தால், 33 மீட்டர் தொலைவை எதையும் காணாமலேயே கடக்கிறோம்.

வயதின் காரணமாகக் கண்ணில் புரை விழுகிறதோ என்றுதான் முதலில் ஐயுற்றேன். கண் மருத்துவர் அப்படி ஒன்றும் இல்லை என்றார். அடுத்ததாகப் பழி வைப்பர் மீது விழுந்தது. புதிய பிளேடுகளை வாங்கிப் பொருத்தியும் பட்டைகள் மறையவில்லை. கண்ணெதிரே அசைவதையே காரணமென்று கருதிவிடக் கூடாது என வகுப்பறையில் பல்லாண்டு சொல்லி வந்தவன், அதே பிழையைச் செய்திருந்தேன். குறை வைப்பரில் இல்லை, கண்ணாடியில் இருந்தது.

வைப்பர் நீரை முற்றிலுமாக அகற்றுவதில்லை. மெல்லிய நீர்ப்படலம் ஒன்றை எப்போதும் விட்டுச் செல்கிறது. கண்ணாடி தூய்மையாக இருந்தால் அப்படலம் சீராகப் பரவும். அதன் வழியே பார்ப்பதில் இடையூறு இல்லை. கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, நீர் நுண்துளிகளாக உடைந்து நிற்கிறது. ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிக்கிறது. பகலில் இது தெரிவதில்லை. இரவில் எதிரொளி பட்டவுடன் தெரிகிறது. மழையில் வைப்பர் பழுதானால் லாரி ஓட்டுநர்கள் புகையிலையைக் கண்ணாடியில் தேய்ப்பார்கள். நீர் துளியாக நிற்காமல் படலமாக வழிய வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இந்தப் பிசுக்கு எங்கிருந்து வருகிறது? முன்னே செல்லும் வாகனங்களின் புகை, ஈரச் சாலையிலிருந்து தெறிக்கும் எண்ணெய்ச் சேறு ஆகியவை ஒருபுறம். மறுபுறம், நாமே பூசுவது. டாஷ்போர்டுக்குப் பளபளப்புத் திரவம் தடவிய அதே துணியால் கண்ணாடியையும் துடைத்துத் தருவது பல வாகனக் கழுவகங்களின் வழக்கம். வெறும் நீரால் எத்தனை முறை கழுவினாலும் அது போகாது.

பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில துளிகளை ஒரு வாளி நீரில் கலந்து, சுத்தமான பஞ்சால் தேய்த்து, நன்றாக அலசினால் போதும். பிறகு ஒரு குவளை நீரைக் கண்ணாடி மீது ஊற்றிப் பாருங்கள். எங்கே நீர் முத்து முத்தாக நிற்கிறதோ, அங்கே பிசுக்கு மிச்சமிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்து படியும் வெண்புள்ளிகள் வேறு வகை. அவை உப்புப் படிவுகள். சோப்புக்கு அசையாது, நீர் கலந்த வினிகருக்குக் கரையும். வைப்பர் நீர்த்தொட்டியிலும் அந்த நீரை ஊற்றாமலிருப்பது நல்லது. பீய்ச்சும் துளைகள் அடைத்துக்கொள்ளும்.

கண்ணாடிக்குப் பிறகே ரப்பர். பிளேடை உயர்த்தி, அதன் விளிம்பை ஈரத்துணியால் கறுப்பு ஒட்டாத வரை துடைக்க வேண்டும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கூடாது, ரப்பரைக் கெடுத்துவிடும். அதன் பிறகும் மெல்லிய கோடு ஒன்று அதே இடத்தில் விழுந்தால், விளிம்பில் கீறல் இருக்கிறது. அகலமான பகுதி துடைபடாமலே நின்றால், வைப்பர் கையின் அழுத்தம் குறைந்திருக்கலாம் அல்லது கை வளைந்திருக்கலாம். அங்கே பிளேடை மாற்றிப் பயனில்லை. தடதடவென்று குதித்தால் ரப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறுகிவிட்டது என்று பொருள். நம் ஊரில் இதுவே மிகுதி. மாதக்கணக்கில் அசையாமல் வெயிலில் கிடந்து, ஐப்பசியில் திடீரென்று வேலைக்கு அழைக்கப்படுகிறது அந்த ரப்பர்.

புதிது வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய கார்ச் சந்தையை முன்வைத்து ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல சரக்கு சந்தையிலிருந்து விலகுவதை விளக்கியது. வைப்பர் பிளேடும் ஏறக்குறைய அத்தகையதே. தொங்கவிடப்பட்ட பத்தும் ஒன்றுபோல் தோன்றும்; ரப்பரின் தரம் ஒரு கோடைக்குப் பிறகுதான் தெரியும். எனவே, விலை சற்றுக் கூடினாலும் கார் நிறுவனம் அங்கீகரித்ததையே வாங்குகிறேன். பல கார்களில் ஓட்டுநர் பக்க பிளேடும் மறுபக்க பிளேடும் ஒரே நீளமல்ல என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். மாற்றும்போது வைப்பர் கைக்கு அடியில் தடித்த துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். பிளேடு இல்லாத இரும்புக் கை நழுவி விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும்.

கண்ணாடியின் உட்புறத்தைப் பெரும்பாலோர் மறந்தே போகிறோம். வெயிலில் சூடேறும் பிளாஸ்டிக்கிலிருந்து எழும் ஆவி அங்கே மங்கலாகப் படிகிறது. அதற்கு ஈரமான நுண்ணிழைத் துணி ஒன்று, உலர்ந்தது ஒன்று போதும். நனைத்த செய்தித்தாளும் உதவும். இந்த ஏட்டில் எழுதிக்கொண்டு அதைப் பரிந்துரைக்கச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. மழையில் உட்புறம் பனித்தால் ஏ.சி.யை இயக்கிக் காற்றைக் கண்ணாடி மீது திருப்ப வேண்டும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும். வெளிப்புறம் பனித்தால் நேர்மாறு: குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டு வைப்பரை ஒருமுறை ஓட்ட வேண்டும்.

முகப்புக் கண்ணாடியுள்ள வாகனங்களில் வைப்பர் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. ஆனால் ஒளிரும் விளக்கையும் புகைச் சான்றையும் பார்ப்பதுபோல் அதை யாரும் சாலையில் நிறுத்திப் பார்ப்பதில்லை. முதல் மழையன்று உதிரிபாகக் கடையில் கூட்டம் சேரும். நம் காருக்குரிய அளவு அன்று கிடைக்காது. நான் இப்போது புரட்டாசி பிறந்தவுடன், ஒரு ஞாயிறு காலை அரை மணி நேரத்தை இதற்கென்று ஒதுக்கிவிடுகிறேன். காய்ந்த கண்ணாடியில் தூசியோடு வைப்பரை ஓட்டிப் பார்ப்பதில்லை, மணல் கீறிவிடும். முதலில் ஒரு குவளை நீர், அப்புறம்தான் சுவிட்ச்.